சோப்பு டப்பா போட்டோ

எனக்குப் பொறாமை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கடைக்காரன் மேல் இல்லை, கூடப் படித்தவன் மேல் இல்லை. கட்டின பெண்டாட்டி மேல். அவளுடைய அழகு, சாமர்த்தியம், படுத்ததும் தூங்கும் வரம், இதெல்லாம் அவளே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு எரிவது வேறு இடத்தில். எங்களுக்கு இரண்டரை வயதில் ஒரு பெண். உருண்டையாகப் பிறந்ததால் பட்டாணி என்று கூப்பிடுகிறோம். அந்தப் பட்டாணி என்ன அழகு காட்டினாலும் அவள் அம்மா எதிரில்தான் காட்டுவாள்.

முதல் அடி எடுத்து வைத்தாள். நான் தலையெல்லாம் சோப்போடு குளியலறைக்குள் இருந்தேன். முதல் வார்த்தை பேசினாள். நான் வாசலில் கேஸ் சிலிண்டர்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். முதல் முத்தம் கொடுத்தாள். அப்போது பக்கத்திலேயேதான் நின்றேன், ஆனால் தும்மிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்து, அம்மாவும் பெண்ணும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

என் தொழிலைக் கேட்டால் இன்னும் சிரிப்பீர்கள். நான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்றால் இந்தத் தெருவில் என்னிடம்தான் வருவார்கள். வீறிட்டு அழுகிற குழந்தையை ரப்பர் வாத்தை ஒரு அமுக்கு அமுக்கி அடக்கிவிடுவேன். பெரியவர்களிடம் நாள் முழுக்க ஒரே பல்லவி. "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. அசையாதீங்க. சிரிக்கக் கூடாது." பாஸ்போர்ட்டில் பல் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இத்தனை பேரைச் சிரிக்கவிடாமல் செய்த பாவமோ என்னவோ, என் பெண் என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை. வாத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அமுக்கிப் பார்த்தேன். வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

அவள் அம்மா, அதாவது என் மனைவி, டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அந்தக் காரில் அவள் உட்காரும் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் தான்தான் ஓட்டுகிறோம் என்று வியர்த்து வழிவார். இவள் ஜன்னல் பக்கம் வேடிக்கை பார்த்தபடி காலால் ஓட்டிக்கொண்டிருப்பாள். "கத்துக்கறவங்களுக்குத் தாங்களே ஓட்டறோம்னு தோணணுங்க. தொழிலே அதுதான்," என்பாள். நானும் ஆகா என்று தலையாட்டிக் கேட்டிருக்கிறேன். கேட்டதோடு சரி, மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தது.

"இன்னிக்கு என்ன பண்ணா தெரியுமா?" என்று வந்தாள். இந்தக் கேள்விதான் எனக்கு வயிற்றெரிச்சல். தெரியாது என்று தெரிந்துகொண்டே கேட்பாள்.

"என்ன பண்ணா?"

"நகம் வெட்டினேங்க. ஒவ்வொரு விரலா நீட்டி அதுக்கு ஒரு பேர் வெக்கறா. இது ஓடற விரலாம், இது தூங்கற விரலாம். சுண்டுவிரல் வந்ததும், பாவம் சின்னப் பிள்ளைன்னு அதுக்கு ஒரு முத்தம்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமில்ல?"

"நீங்க செய்தி பாத்துட்டிருந்தீங்க. உலகத்தை நடுவுல விட்டுட்டு வரணுமேன்னு கூப்பிடல."

அங்கேயே சபதம் எடுத்தேன். இனி இந்த வீட்டில் ஒரு சந்தோஷம்கூட என்னைத் தாண்டிப் போகக் கூடாது.

"இனிமே நகம் நான்தான் வெட்டுவேன்."

"வேணாங்க. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

"எல்லாமே உனக்குத்தான் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

"நான் இருக்கேனே."

"அது வேற விஷயம். நகவெட்டியைக் குடு."

காதில் போட்டிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு கொடுத்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆசை யாரை விட்டது?

குளிப்பாட்டும்போது பட்டாணி தண்ணீரிடம் ரகசியம் பேசுகிறாளாம். தலை வாரும்போது சீப்புக்கு வலிக்குமே என்று தடவிக்கொடுக்கிறாளாம். இரண்டையும் நான் பிடுங்கிக்கொண்டேன். அப்புறம் பாத்திரம். மனைவி பாத்திரம் தேய்க்கும்போது பட்டாணி ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் ஏறி நின்று நுரையில் தாடி வைத்துக்கொள்கிறாளாம்.

"பாத்திரத்தை இனிமே நீ தொடக் கூடாது," என்றேன்.

"இது அநியாயங்க. கேக்கறதுக்கு ஆளில்லன்னு எல்லாத்தையும் எடுத்துக்கறீங்க."

அவள் குரல் தழுதழுத்தது. எனக்கோ கொண்டாட்டம். கடைசியாகத் தரை துடைக்கிற வேலை. ஈரத் தரையில் தன் காலடி பதிந்ததைப் பார்த்துவிட்டு, "யாரு வந்தா?" என்று கேட்கிறாளாம் பட்டாணி. மாப்பை அவள் கையிலிருந்து கிட்டத்தட்டப் பறித்தேன். அவள் சோபாவில் போய்ச் சாய்ந்து, காலை நீட்டி, பெருமூச்சு விட்டாள். துக்கத்தில் விடுகிறாள் என்று நினைத்தேன்.

சரி, எனக்கு என்ன கிடைத்தது? அதையும் கேளுங்கள்.

"பட்டாணி, இது என்ன விரல்?"

"விரல்."

"பேரு?"

"விரல்."

"சுண்டுவிரலுக்கு முத்தம் கிடையாதா?"

கையை உருவிக்கொண்டு என் சட்டையில் மூக்கைத் துடைத்தாள். குளிக்கும்போது தண்ணீரிடம் ரகசியம் எதுவும் பேசவில்லை, என்னிடம் சத்தம்தான் போட்டாள். சீப்பு என்று சொன்னாலே மேஜைக்கு அடியில் போய்விடுவாள். நுரையை எடுத்து என் முகத்தில் பூசினாள், அதுவும் வாயைத் திறந்திருந்த நேரமாகப் பார்த்து. தரையைத் துடைத்துத் துடைத்து எனக்கு இடுப்பு போனதுதான் மிச்சம்.

"எங்கிட்ட ஒண்ணும் காட்ட மாட்டேங்கறாளே," என்று மனைவியிடம் கேட்டேன். கேட்கவே கேவலமாக இருந்தது.

"அவசரப்படறீங்க. கிளட்சை மெதுவா விடணும். பழகப் பழக வரும்."

அடுத்த ஞாயிறு, அதே குளியலறை. பட்டாணி டப்பில் நிற்கிறாள். நான் முக்காலியில் சட்டை முழுக்க நனைந்து உட்கார்ந்திருக்கிறேன். கண்ணில் சோப்பு. போதுமடா சாமி, எல்லாவற்றையும் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே கண்ணைக் கசக்கினேன்.

"ப்பா."

பார்த்தேன். காலி சோப்பு டப்பாவை ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு, மற்ற கண்ணை மூட முயன்று இரண்டையும் மூடிக்கொண்டிருந்தாள்.

"தாட எறக்கு."

இறக்கினேன்.

"அசையாத."

மூச்சுகூட விடவில்லை.

"சிரிக்கக் கூடாது."

நாக்கால் ஒரு டிக். டப்பாவைத் திருப்பி உள்ளே பார்த்தாள். "நல்லா வந்துக்கு," என்றாள். ஈரக் கையால் அதிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடினாள். "பத்திரம்."

ஸ்டூடியோவுக்கு அவளை எப்போதாவதுதான் கூட்டிப்போவேன். மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாத்தைப் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். வாத்தையா பார்த்தாள்? என்னைத்தானே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் மறுக்கப்போவதில்லை. உள்ளங்கையில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் துண்டு எடுக்க அந்தக் கையை நீட்டவில்லை. அவளை ஒரு கையாலேயே துவட்டினேன்.

வெளியே வந்தேன். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு நாற்காலியில் காலை நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தாள். பட்டாணி பிறந்த நாளிலிருந்து கேட்கக் கிடைக்காத கேள்வியைக் கேட்டேன்.

"இன்னிக்கு என்ன பண்ணா தெரியுமா?"

சொன்னேன். டம்ளர் அவள் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"எங்கிட்ட அப்படிப் பண்ணதே இல்லையே," என்றாள்.

அந்த முகத்தைப் போட்டோ எடுத்து ஸ்டூடியோ கண்ணாடியில் மாட்டியிருக்க வேண்டும். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டின்போது இன்னொரு தடவை, டிக் சத்தத்தோடு.

அந்த நிம்மதி சாயங்காலம்வரைகூட நிற்கவில்லை. எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் வந்தார். அவர் மனைவி என் மனைவியிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறார். வாத்தியாரின் கட்டைவிரலில் பெரிய கட்டு. நான் மாப்பும் கையுமாகக் கதவைத் திறந்தேன். அவர் மாப்பைப் பார்த்தார், நான் கட்டைப் பார்த்தேன்.

"சார், ஒரு சந்தேகம். உங்க பொண்ணு நகம் வெட்டும்போது விரலுக்குப் பேர் வெக்குமா?"

"யார் சொன்னா?"

"எங்க பையன் வெக்கறானாம். எங்க வீட்ல சொல்றா. சுண்டுவிரலுக்கு முத்தம்கூட உண்டாம். எனக்குக் கடிதான் கிடைச்சுது."

"பாத்திரம் தேய்க்கும்போது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நுரைத் தாடி."

"தரை துடைக்கும்போது?"

"யாரு வந்தான்னு கேப்பானாம். நானும் ஒரு வாரமா துடைக்கறேன் சார். ஒருத்தரும் வரல."

மாப்பை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றினேன்.

"உங்க வீட்ல இப்ப எந்தப் பாடம் நடக்குது?" என்றேன்.

"காரை ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்கறதா சொன்னா. என்னைத்தான் எடுத்திருக்கா."

அவரை அனுப்பிவிட்டு மாப்போடு நேரே உள்ளே போனேன்.

"எனக்கே காது குத்தறியா? விரலுக்குப் பேரு, தண்ணிகிட்ட ரகசியம், ஈரக் காலடி, எல்லாம் கட்டுக்கதையா?"

"எல்லாம் இல்லீங்க. தாடி நெஜம். ஒரு தடவை."

"நாளையிலேர்ந்து எல்லாம் பழையபடி. நகவெட்டி, சீப்பு, தண்ணி மொள்ற மக்கு, மாப்பு, அத்தனையும் உன்னோடது. நான் செய்தி பாக்கப்போறேன்."

"சரிங்க."

இவ்வளவு சீக்கிரம் சரி சொல்லி நான் பார்த்ததே இல்லை. "சரியா?" என்றேன்.

"நான் பண்ணது தப்புதாங்க. நாளைக்கு எதுக்கு, இப்பவே ஆரம்பிக்கறேன். வெளியில விளையாடி மண்ணோட வந்திருக்கா, நானே குளிப்பாட்டிடறேன்." எழுந்து மக்கை எடுத்தாள். குளியலறை வாசலில் நின்று திரும்பினாள். "அந்த சோப்பு டப்பாவை எங்க வெச்சீங்க?"

"எதுக்கு?"

"சும்மாதான். எனக்கும் ஒரு போட்டோ எடுக்கறாளான்னு பாக்கலாம்."

என் தாடை, என் அசையாதே, என் சிரிக்கக் கூடாது. பட்டாணி என்னிடம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அதையும் இவள் ஒரே மக்குத் தண்ணீரில் வாங்கிக்கொண்டு, வெளியே வந்து, இன்னிக்கு என்ன பண்ணா தெரியுமா என்பாள். அப்போதுதான் அதைவிட மோசமான ஒரு சந்தேகமும் வந்தது.

"அதையும் நீதான் சொல்லிக்குடுத்தியா?"

"சத்தியமா இல்லீங்க. அது அவளா பண்ணது. அதான் எனக்கு இப்ப எரியுது." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்த்தாள்.

"மக்கைக் குடு."

"வேணாங்க, எனக்கும் ஒரு தடவை."

"குடுன்னா குடு. உனக்கு வேணும்னா ஸ்டூடியோவுக்கு வா, நான் எடுத்துத் தரேன்."

"அப்போ தலை வாரறது?"

"நான்தான்."

"பாத்திரம்?"

"அதுவும் நான்தான். எங்க எப்ப டப்பாவைத் தூக்குவாளோ யாருக்குத் தெரியும்? நான் பக்கத்துல இருக்க வேண்டாமா?"

மக்கைப் பறித்துக்கொண்டு பட்டாணியோடு உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தேன். சோப்பை எடுத்து வெளியே வைத்து, டப்பாவைத் துடைத்து, பட்டாணியின் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன். அவள் உடனே எடுத்தாள். கண்ணில் வைத்தாள். அவள் சொல்வதற்கு முன்பே தாடையை இறக்கினேன்.

கதவுக்கு வெளியே மனைவி போனில் பேசுவது கேட்டது. எதிர்வீட்டு அம்மாவோடுதான்.

"உங்க வீட்டுக்காரருக்கு இன்னும் கொஞ்சம் பழகணும், விட்டுடாதீங்க. எங்க வீட்ல கத்துக்கிட்டாருங்க, இனிமே நான் பக்கத்துல உட்காரக்கூட வேண்டாம்."

"ப்பா, சிரிக்கக் கூடாது," என்றாள் பட்டாணி. இந்தத் தடவை அவள் சொல்லியிருக்கவே வேண்டாம்.