பேசும் பெட்டிக்கு என்ன தீர்வை?

திரைமங்கலம் என்று ஒரு நாடு. அதற்கு மூன்று பக்கம் கடல், நான்காவது பக்கம் சுங்கச்சாவடி. கடலுக்குப் பயந்தவர்களைவிடச் சாவடிக்குப் பயந்தவர்களே அங்கே அதிகம். மன்னர் விசயதுங்கரை மக்களே தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் தவறாமல் நடக்கும். எதிர்த்து நிற்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. அதற்கு மன்னர் என்ன செய்வார், பாவம்.

அந்த நாட்டுக்குக் கப்பலில் வரும் எந்தச் சரக்கும், சுங்கத் தீர்வை போடுவதற்காக, ஐந்து வகைக்குள் அடங்கியாக வேண்டும்: தின்பன, உடுப்பன, ஓடுவன, பேசுவன, மற்றவை. மன்னரின் பாட்டனாருக்குப் பாட்டனார் வகுத்துவிட்டுப் போன வகைகள் இவை. ஆறாவதாக ஒன்று சேர்த்தால் என்ன என்று கேட்ட ஓர் இளம் அதிகாரி இப்போது உப்பளத்தில் உப்பை வகைப்படுத்திக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு யாரும் அப்படிக் கேட்கவில்லை.

இந்தச் சாவடியில்தான் சந்தனமாரி வந்து மாட்டிக்கொண்டாள். வெள்ளைமணல் கரையில் மீன் விற்கிறவள், மீன்காரிகள் சங்கத்துக்குத் தலைவி. அந்தக் கரையின் வள்ளங்கள் கூப்பிடு தூரத்தில்தான் வலை போடும். வடக்கு முனையில் கலங்கரை விளக்கம். காற்று எழுந்தால் விளக்குக்காரன் பறையடிப்பான், வள்ளங்கள் திரும்பிவிடும். போன வாடைக் காற்றின் இரைச்சலில் அந்தப் பறைச்சத்தம் தெற்குக் கரைக்குப் போய்ச் சேரவில்லை. மூன்று வள்ளங்கள் திரும்பவே இல்லை. சந்தனமாரியின் புருசன் முனியராசு வலை போடுவதும் அந்தத் தெற்குப் பக்கத்தில்தான். அன்று அவனுக்குக் காய்ச்சல், அதனால் பிழைத்தான். அடுத்த வாடைக்கும் காய்ச்சல் வரும் என்று எந்தப் பெண்டாட்டி நம்பிக்கொண்டிருப்பாள்?

ஆகவே சங்கத்துப் பெண்கள் சேமிப்பையெல்லாம் திரட்டி, வெளிநாட்டிலிருந்து நாற்பது ஒலிப்பெட்டிகளை வரவழைத்தார்கள். ஒன்றோடு ஒன்று கம்பியில்லாமலே பிணைந்த பெட்டிகள். விளக்குக்காரன் மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் கரை நெடுக நாற்பது கம்பங்களிலும் அதே நொடியில் கேட்கும். வாடைக்கு முன்னால் கம்பத்தில் ஏற்றிவிட வேண்டும். வேண்டியது அவ்வளவுதான்.

தலைமை வகைப்பாட்டாளர் கனகசபாபதி ஒரு பெட்டியைச் சுற்றி மூன்று முறை நடந்தார். கோயில் பிரகாரத்தைக்கூட அவர் அத்தனை பக்தியோடு சுற்றியதில்லை. தின்னக் கூடியதல்ல என்பதை முகர்ந்து பார்த்து முடிவுசெய்தார். உடுக்க முடியாது. தள்ளிப் பார்த்தார், ஓடவில்லை. உதவியாளர் மைக்கில் இருமினார். நாற்பது பெட்டிகளும் இருமின.

"பேசுவன," என்றார் கனகசபாபதி. "அந்தத் தலைப்பின் கீழ் மூதாதையர் எழுதி வைத்திருப்பது ஒரே ஒரு சரக்கு. கிளி."

கிளி என்று ஆகிவிட்டால் கிளிக்கான விதிகளும் கூடவே வந்துவிடுமே. வெளிநாட்டுக் கிளியைக் கூண்டில் அடைத்து, இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும் வரை கண்காணிக்க வேண்டும். தினமும் கொய்யாப்பழமும் மிளகாயும் வைக்க வேண்டும். தீனிச் செலவு இறக்குமதி செய்தவருடையது.

"ஐயா, அதுக்கு றெக்கையே இல்லியே," என்றாள் சந்தனமாரி.

"அதனால்தான் சற்றுக் காலம் பிடிக்கும், அம்மா."

நாட்டில் இருந்த கொய்யாப்பழமெல்லாம் சுங்கக் கிடங்குக்குப் போயிற்று. பெட்டிகள் தின்னாததால் அவற்றுக்கு உடம்பு சரியில்லை என்று கருதி இரட்டிப்பாக வைத்தார்கள். பெட்டி கிளி என்றால் கிளியும் பெட்டியாகத்தானே இருக்க வேண்டும்? எனவே வீட்டுக் கிளிகளையெல்லாம் சாவடிக்குக் கொண்டுவந்து உள்ளே மின்கலம் இருக்கிறதா என்று காட்டும்படி ஆணை பிறந்தது. கிளி வளர்த்த வீடுகளில் அன்று அடுப்பு எரியவில்லை.

சந்தனமாரி விடுகிற ஆளா? மேல்முறையீட்டு மன்றத்துக்குப் போனாள். அங்கே செய்து காட்டச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்து, வாய்க்கு முதலில் வந்ததைச் சொன்னாள்.

"காத்து வருது, கரைக்கு வாங்க."

நாற்பது பெட்டிகளும் சொல்லின. நீதிபதிகளில் ஒருவர் மேசைக்கடியில் போனார், மற்ற இருவரும் அவருக்குத் துணையாகப் போனார்கள். தீர்ப்பு அங்கிருந்தே வந்தது. கிளி என்பது தவறு. ஆனால் நாற்பது பேர் சண்டை போடாமல், ஒருவரை ஒருவர் திருத்தாமல், ஒன்றையே ஒரே நேரத்தில் சொல்வது இயற்கையில் இல்லாத காரியம். இது முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட சதிக் கூட்டம். பெட்டிகளைக் கிடங்கிலிருந்து எடுத்துச் சிறையில் வைக்கவும். அவற்றைப் போலப் பலர் கூடி ஒன்றையே சொல்வதும் இன்று முதல் குற்றம்.

வந்ததே வினை. வலை இழுக்கிறவர்கள் ஏலேலோ பாடக் கூடாது என்று ஆயிற்று. பாட்டில்லாமல் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தார்கள். வலை கிழிந்தது, மீன்கள் சாவகாசமாக வீட்டுக்குப் போயின. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டை ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆண்டுப் பரீட்சை வந்தபோது மூன்றாம் வாய்ப்பாட்டைத் தாண்டியிருக்கவில்லை. கோயிலில் ஒருவர் 'அரோ' என்றால் அடுத்தவர் சற்று இடைவெளி விட்டு 'கரா' என்றார். சாமிக்கே சங்கடமாக இருந்திருக்கும்.

ஊரில் எல்லோரும் சந்தனமாரியைத் திட்டினார்கள். அவளுக்கு அழுகைதான் வந்தது. ஆனால் வாடை நெருங்கிக்கொண்டிருந்ததே, உட்கார்ந்து அழ நேரம் ஏது? மன்னருக்கு மனுப்போட்டாள்.

மன்னர் சிறைக்கே நேரில் எழுந்தருளினார். குற்றவாளிகளின் முகத்தைப் பார்க்க விரும்புகிறாராம். கனகசபாபதி மைக்கைப் பணிவோடு நீட்ட, மன்னர் வேறென்ன சொல்வார்? மன்னர் வாழ்க என்றார். நாற்பது பெட்டிகளும் மன்னர் வாழ்க என்றன. மன்னர் இன்னொரு முறை சொன்னார். அன்று மாலை வரை சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனை ஆண்டுகளாக ஆள்கிறார், யாராவது ஒருவராவது இருமாமல், கொட்டாவி விடாமல், பக்கத்து ஆளைப் பார்க்காமல் அதைச் சொன்னதுண்டா?

"இவர்கள்தான் மக்கள்," என்றார் மன்னர்.

பெட்டிகள் அரசவைக்குக் குடிபெயர்ந்தன. பட்டுத் திண்டு போட்டார்கள். எந்த வரியையும் முதலில் பெட்டிகளிடம் கேட்டுத்தான் போட்டார்கள். மன்னர் மைக்கில் "சம்மதம்" என்பார், மக்கள் ஒருமனதாகச் சம்மதிப்பார்கள். உப்புக்கு வரி, நிழலுக்கு வரி, வரி கட்டுவதற்கு வரிசையில் நிற்பதற்கும் வரி. இத்தனை ஒத்துழைப்பை அந்த நாடு கண்டதே இல்லை.

சந்தனமாரி மறுபடியும் சாவடிக்கு ஓடினாள். மக்களுக்குத் தீர்வை கிடையாது என்று சட்டமே சொல்கிறதே, அப்படியானால் பெட்டிகளைச் சும்மாவே விட்டுவிடலாமே என்று கேட்டாள். மக்களைத் தூக்கிக்கொண்டு போனால் அதற்கு ஆட்கடத்தல் என்று பெயர் என்றார் கனகசபாபதி. பிறகு வருத்தத்தோடு இன்னொன்றையும் சொன்னார். ஒரு தலைப்பின் கீழ் ஒரு சரக்குதான் இருக்க முடியும். மக்கள் என்ற இடம் நிரம்பிவிட்டது. ஆகவே இதுவரை அந்த இடத்தில் இருந்தவர்கள் 'மற்றவை'யில் வருகிறார்கள். மற்றவைக்குத் தீர்வை உண்டு.

"நீங்கள் எந்தக் கப்பலில் வந்தீர்கள், அம்மா?"

"நாங்க எந்தக் கப்பல்லயும் வரலய்யா. இங்கனயேதான் பொறந்தோம்."

"கப்பல் சீட்டே இல்லையா?" கனகசபாபதி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியானால் இது கடத்தல் சரக்கு."

சீட்டைக் காட்டாத ஆட்கள் வீட்டை விட்டுப் பத்தடிக்கு மேல் நகரக் கூடாது என்று மறுநாள் ஆணை வந்தது. கடலில் நிற்கிற வள்ளத்துக்குப் பத்தடியை எப்படி அளப்பது என்று யாருக்கும் தெரியாததால் ஆண்கள் மட்டும் வழக்கம்போலப் போனார்கள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. முனியராசுவும் போனான்.

அன்றைக்குத்தான் வாடை எழுந்தது. விளக்குக்காரன் பறையடித்தான். சந்தனமாரி வாசலுக்கு வந்து பார்த்தாள். தெற்கே வள்ளங்கள் அசையாமல் நின்றன, ஒருவருக்கும் கேட்கவில்லை. பத்தடியைத் தாண்டி ஓடினாள். ஓடுகிற வழியிலே ஒவ்வொரு வீட்டுப் பெண்ணையும் இழுத்து மணலில் நிறுத்தினாள், ஒருத்தியின் குரல் அடுத்தவளுக்கு எட்டுகிற தூரத்தில். ஒன்றையே சேர்ந்து சொன்னால் ஜெயிலாச்சே என்று ஒருத்தி தயங்கினாள்.

"புருசன் வரட்டும், அப்பறம் சேர்ந்தே ஜெயிலுக்குப் போவம். மொதல்ல கூப்புடு."

காத்து வருது, கரைக்கு வாங்க. முதலில் ஒருத்தி சொல்லி, அடுத்தவள் சொல்லி, அதற்கடுத்தவள் சொல்லித்தான் அது தெற்கே போயிற்று. கொஞ்ச நேரத்தில் எல்லோருமே சேர்ந்து சொன்னார்கள். வள்ளங்கள் திரும்பின. ஒவ்வொன்றாய்க் கரையேறின. கடைசியில் வந்தது முனியராசுவின் வள்ளம், பாய்மரம் முறிந்து, பாதி தண்ணீரோடு. அவன் இறங்கியதும் சந்தனமாரி அவனை ஊர் கேட்கத் திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அவன் தலையைத் துவட்டினாள்.

வள்ளமெல்லாம் வந்த பிறகு சத்தம் அடங்கியிருக்க வேண்டும் அல்லவா? அடங்கவில்லை. தெற்குக் கோடியில் யாரோ ஒருத்தி, "எங்க பெட்டிய எங்ககிட்டக் குடுங்க," என்றாள். அது கரை நெடுகப் போயிற்று. ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். கரையிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து அரண்மனை மதில் வரைக்கும் போயிற்று. அரசவையில் நாற்பது பெட்டிகள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தன. மன்னர் சன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினாலும் கேட்டது.

கனகசபாபதி குடை மேல்நோக்கி மடங்கிப்போக, வகைப்பாட்டுப் புத்தகத்தை வேட்டியில் சுற்றிக்கொண்டு மழையில் கரைக்கு ஓடி வந்தார். வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராக உற்றுப் பார்த்தார். ஒன்று பேசினால் எல்லாம் பேசுகிறது. கம்பி எதுவும் இல்லை. எந்த நாட்டுத் தயாரிப்பு என்று கேட்டார். உள்ளூர்ச் சரக்குதான் என்றார்கள். சந்தனமாரியின் முதுகுப் பக்கம் போய்ப் பார்த்தார், குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் அவளிடம் கேட்டார்.

"அம்மா, இதை நிறுத்துகிற பொத்தான் எங்கே இருக்கிறது?"

சந்தனமாரி கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

"எனக்குந் தெரியலய்யா," என்றாள். "இன்னிக்குத்தான இது பேசவே ஆரம்பிச்சிருக்கு."