என் பக்கம் திரும்பிய மீன்

சாப்பாட்டு மேசையில் நாகரிகமாக நடக்க எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று நான் நம்பிய காலம் ஒன்று இருந்தது. மெய்லினின் அப்பாவை முதன்முதல் சந்தித்த சனிக்கிழமையோடு அது முடிந்தது.

மெய்லின் பிராங்பேர்ட்டில் என்னோடு வேலை செய்த சீனப் பெண். எங்கள் கலியாணத்துக்கு அவளுடைய அப்பாவின் சம்மதம் மட்டுமே பாக்கி. "அப்பா அதிகம் பேசமாட்டார். நீ சாப்பிடுவதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்" என்று ஜெர்மன் மொழியில் எச்சரித்திருந்தாள்.

என் அம்மா தொலைபேசியில் தன் பங்கைச் சொன்னார். "தம்பி, தாறதை மிச்சம் விடாமல் சாப்பிடு. விட்டால் அவையள் என்ன நினைப்பினம்?"

சீன உணவகத்தில் மெய்லினின் அப்பா, அம்மாவோடு நாங்கள் இருவரும். வட்ட மேசை, நடுவே சுழலும் கண்ணாடித் தட்டு. முதலில் வந்த சின்னத் தட்டுகளிலிருந்து எல்லோரும் எடுத்துச் சாப்பிட்டோம். பிரதான உணவு இனி ஜெர்மன்காரர் வழக்கப்படி ஆளுக்கொன்றாக வரும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். (யாரிடமாவது கேட்டிருக்கலாம்.) அந்த நேரம் பார்த்து மெய்லினுக்கு அவசர அழைப்பு வந்து வெளியே போய்விட்டாள்.

ஆவியில் அவித்த பெரிய மீன் ஒன்று வந்தது. அவளுடைய அப்பா கண்ணாடித் தட்டை மெல்லச் சுழற்றி, மீனின் தலை என்னைப் பார்க்கும்படி நிறுத்தினார். என் சாப்பாடு வந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, மீனை அதன் தட்டோடு அப்படியே தூக்கி என் முன்னால் வைத்தேன்.

"உங்களுடையது வரும்வரை பொறுக்கிறேன்" என்றேன் மரியாதையாக. ஜெர்மன் அதிகம் தெரியாத அந்த மனிதர் கையை நீட்டிச் சாப்பிடச் சொன்னார். பிறகென்ன, யாழ்ப்பாணத்து வயிறு. தலையைக்கூட விடவில்லை. அவர்கள் இருவரும் வெறுஞ்சோற்றோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் திறமையை ரசிக்கிறார்கள் என்று இன்னும் உற்சாகமாக உறிஞ்சினேன்.

மெய்லின் திரும்பி வந்து முள்ளைப் பார்த்தாள். "எங்கள் மீன் எங்கே?"

"உங்களுடையது இனித்தான் வரும்" என்றேன்.

தலையை விருந்தாளி பக்கம் திருப்புவது கௌரவமாம். அவர் முதல் வாய் எடுத்தபின் மீன் எல்லோரையும் சுற்றி வருமாம். அவள் இதைச் சொன்னபோது எனக்கு மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அப்பா இன்னொரு மீனுக்குச் சொன்னார்.

அவளுடைய அப்பாவின் முடிவு பற்றி மூன்று நாள் தகவலே இல்லை. கலியாணம் சரிவராது என்று நினைத்து நொந்துபோனேன். நாலாம் நாள் அவளிடமிருந்து செய்தி வந்தது: "அப்பாவுக்குச் சம்மதம். ஞாயிறு வீட்டுக்கு வா. அம்மா இரண்டு மீன் வாங்குகிறா."

கலியாணம் கோயிலில், சைவச் சாப்பாட்டோடு நடந்தது. மாமா எழுந்து சீன மொழியில் ஏதோ பேசினார். அதற்குள் என் அம்மாவிடம் தமிழ் பழகியிருந்த மெய்லின் ஒலிவாங்கியை வாங்கிச் சபைக்கு மொழிபெயர்த்தாள்.

"அப்பா சொல்லுறார், இண்டைக்கு மீன் இல்லாதது நல்லதாம். அப்பதான் எல்லாருக்கும் சாப்பாடு கிடைக்குமாம்."

கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இன்றும் பிராங்பேர்ட்டில் எந்தத் தமிழர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், சாப்பாட்டு இலைப் பக்கம் நான் நகர்ந்தால் யாராவது தோளில் கைபோட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

"நீங்கள் கொஞ்சம் பொறுங்கோ. சனம் முதல்ல சாப்பிடட்டும்."