மக்ரூன் காத்து

தூத்துக்குடியில் காற்றுக்கு ருசி உண்டு என்று கண்டுபிடித்தவர் காத்து அண்ணாச்சிதான். நாமெல்லாம் காற்றைச் சுவாசிக்கிறோம். அவர் தரம் பிரித்தார். அவருடைய உண்மையான பெயர் எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது.

கப்பலில் வேலை பார்க்கும் என் கணவர் ஒரு விடுமுறையில் எனக்கு மலை சைக்கிள் வாங்கித் தந்தார். எங்கள் ஊரில் மலை கிடையாது. உயரம் என்று பார்த்தால் உப்பளத்தில் குவித்து வைத்த உப்புதான். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு எனக்கு இடுப்பு வலி. இந்த சைக்கிளில் சீட்டுக்குக் கீழே ஒரு ஷாக் அப்சார்பர் இருக்கிறது, ஸ்பிரிங்குக்குப் பதில் உள்ளே காற்று, குழியில் இறங்கினாலும் மெத்தை மாதிரி இருக்கும் என்றார். என் மாமியார் காதில் "ஷாக்" மட்டும் விழுந்தது.

"மழையில ஓட்டாத, கேட்டியா? கரண்டு அடிச்சிரப் போவுது."

நான் சிரித்தேன். பிறகு, ஒருவேளை அடிக்குமோ என்று செல்போனில் தேடிப் பார்த்தேன். நான் அப்படித்தான்.

அந்த ஷாக்குக்கு டயர் பம்பு உதவாது. அதற்கென்று மீட்டர் வைத்த குட்டிப் பம்பு உண்டு. கூட்டத்தில் அதை வைத்திருந்தவர் காத்து அண்ணாச்சி மட்டும்தான். சரக்குத் தோணியில் தண்டலாக, அதாவது கேப்டனாக, மாலத்தீவு வரை போய் வந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் ஜெபமாலை, சட்டைப் பையில் பம்பு. முதல் நாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"ஏளா, லோடு எம்புட்டு?" என்றார், அத்தனை பேர் நடுவில்.

"நான் ஒண்ணும் ஏத்தலையே அண்ணாச்சி" என்றேன்.

"ஒன் எடையக் கேக்குதேன். சரக்கு ஏத்துனா தோணி கொஞ்சம் அமுங்கணும். அமுங்கலைன்னா ஆடும், ரொம்ப அமுங்குனா முங்கிரும். ஷாக்கும் அப்படித்தான்."

மெல்லிய குரலில் சொன்னேன். அவர் அதை ஒலிபெருக்கி மாதிரி திரும்பச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டு, என் மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, பம்பைப் பொருத்தினார்.

கூட்டத்தில் இருந்த வங்கி மேனேஜர் ஒருவர் மட்டும் கௌரவம் பார்த்து எடையைக் குறைத்துச் சொல்லிவிட்டார். தேரிக்காட்டுச் செம்மண் மேட்டில் இறங்கும்போது அவருடைய ஷாக் முழுக்க அமுங்கி 'டொக் டொக்' என்று இடித்தது. பின்னாலிருந்து அண்ணாச்சி கூவினார்: "சார் லோட மறைச்சிட்டாவ! கஸ்டம்ஸ்ல புடிச்சிட்டாவ!"

ஆனால் அண்ணாச்சியின் பெருமையெல்லாம் மூக்கில்தான். எந்த ஷாக்கைப் பார்த்தாலும் முதலில் வால்வை அழுத்தி, 'புஸ்' என்று வரும் காற்றை மோந்து பார்ப்பார்.

"ஏலே, இது மீன் ஏலம் போடுத இடத்துல அடிச்ச காத்துல்லா! கருவாடு வீசுது."

துறைமுகத்துப் பக்கம் அடித்தால் நிலக்கரிக் காற்று, ஷாக்குக்குள் இருக்கும் ரப்பர் சீல் கரிந்துவிடும் என்பார். உப்பளக் காற்றில் துருப்பிடிக்கும். "உர ஃபேக்டரிப் பக்கத்துக் காத்த மட்டும் அடிச்சிராதிய. சைக்கிள் வளந்துரும்."

அவர் ஒப்புக்கொண்ட காற்று ஊரிலேயே ஒன்றுதான். எங்கள் தெருமுனை பேக்கரியில் மக்ரூன் அடுப்பிலிருந்து இறங்கும்போது வாசலுக்கு வரும் காற்று. "முந்திரி, சீனி, முட்டை வெள்ளக்கரு. இதுல என்னத்தப் போயி துருப்பிடிக்கும்?" ஆகவே ஞாயிறு விடிந்ததும் பேக்கரி வாசலில் சைக்கிள்களோடு வரிசையில் நிற்போம்.

"அண்ணாச்சி, காத்த மட்டும் கொண்டு போறியள, ஒரு பாக்கெட்டு மக்ரூனு வாங்கப்பிடாதா?" என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

எனக்கோ வேறு கவலை. என் மூன்று வயது மகள் ஞாயிறுதோறும் கேட்டைப் பிடித்துக்கொண்டு "நானும்!" என்று அழுவாள். ஹேண்டில்பாருக்கும் எனக்கும் நடுவே மாட்டுகிற குட்டி சீட்டைக் கணவர் அப்போதே வாங்கி வைத்திருந்தார். அது பரணில் கிடந்தது. ஏற்றினால் விழுந்துவிடுவாளோ? ஏற்றாவிட்டால் என்னைப் போலப் பயந்தாங்கொள்ளியாக வளர்வாளோ? இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தபடி, அவளை அழவிட்டே போய்க்கொண்டிருந்தேன்.

போதாக்குறைக்கு என் ஷாக் எப்போதும் விறைப்பாக இருந்தது. எவ்வளவு அமுங்கியது என்று காட்ட அதில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. மற்றவர்களுக்கு அது அண்ணாச்சி சொன்ன இடம் வரை இறங்கும். எனக்கு இறங்கியதே இல்லை.

"அண்ணாச்சி, காத்து கூடிப்போச்சோ? குலுக்குது."

"குலுங்கட்டும்ளா. தோணி இன்னும் ரொம்பல."

ஒரு ஞாயிறு மகளின் அழுகையைக் கேட்டு மாமியாரே வெளியே வந்தார். "ஏத்திட்டுப் போயேன்ளா, தொண்ட கட்டிப்போச்சு பிள்ளைக்கு. இன்னைக்கு மழையும் இல்ல, கரண்டு அடிக்காது."

சீட்டை மாட்டித் திருகுகளை முறுக்கினேன். அவிழ்த்து மறுபடி முறுக்கினேன். மகளுக்கு ஹெல்மெட் போட்டுப் பேக்கரி வாசலுக்குத் தள்ளிக்கொண்டே போனேன். அண்ணாச்சி பம்பைத் தொடவே இல்லை.

"அண்ணாச்சி, லோடு கூடியிருக்கு. காத்து அடிக்க வேண்டாமா?"

"மொதல்ல ஏறு."

மகளை முன்னால் வைத்து ஏறி உட்கார்ந்தேன். ரப்பர் வளையம் இறங்கி, சரியாக அந்த இடத்தில் போய் நின்றது.

"எப்படி அண்ணாச்சி?"

"மொத நாள்ல இருந்தே புள்ளைக்கும் சேத்துத்தான அடிக்கேன். நீதான் ஏத்தாம வாரே."

கடற்கரைச் சாலை முழுக்க, ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் மகள் "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று கூவினாள். என் இடுப்பு குலுங்கவே இல்லை. நான் கண்ணை மூடாமல் ஓட்டினேன் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

அண்ணாச்சி இப்போது பெங்களூரில் மகன் வீட்டோடு இருக்கிறார். போன் செய்தால், "இங்க மேடு பள்ளம் நல்லா இருக்குளா, காத்துக்குத்தான் ருசியே இல்ல" என்கிறார்.

ஷாக்கில் காற்று குறைந்தால், அவர் கொடுத்துவிட்டுப் போன பம்பால் பேக்கரி வாசலில் வைத்து நானே மேலே கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறேன். போன வாரம் மெக்கானிக், முழுவதும் இறக்கிவிட்டுப் புதிதாக அடிக்கலாம் என்றார். எதையும் இரண்டு தடவை யோசிக்கிற நான் யோசிக்காமலே வேண்டாம் என்றேன். உள்ளே இருப்பது அண்ணாச்சி அடித்த காற்று.