செம்மண் ரோட்டுப் பாட்டும் சம்பந்தி வீடும்

ராஜகீழ்ப்பாக்கம்,
புதன்கிழமை.

இயேசுவுக்குள் பிரியமுள்ள தபீதாள் அக்காவுக்கு, உன் ஒரே தம்பி ஜெபராஜ் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொள்வது. பாளையங்கோட்டையில் நீயும் அத்தானும் சுகத்தோடும் சமாதானத்தோடும் இருக்க ஜெபிக்கிறேன். முழங்கால் ஆபரேஷன் தையலைப் பிரித்துவிட்டார்களா? இங்கே ஹெப்சி சுகம், சுஜி சுகம். நான் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ என் போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் விழுவதில்லை. தபால்காரர் கையில் கொடுத்தால் வாங்கித்தானே ஆகவேண்டும் என்றுதான் தாம்பரம் போஸ்ட் ஆபீசில் கவர் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஹெப்சி உன்னிடம், "உங்க தம்பி மைக்கைப் புடிச்சு மானத்த வாங்கிட்டாரு" என்று சொன்னாளாம். அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் இது நம் சுஜிக்கு நீ பார்த்துக் கொண்டுவந்த சம்பந்தம், நீ வர முடியாமல் படுத்திருந்தபோது நடந்த நிச்சயதார்த்தம். முழு விவரமும் தெரிந்துகொண்டு என்னைத் திட்டுவதுதான் முறை.

அந்த 'செம்மண் ரோட்டுல' பாட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் நான் பாடி, அப்பா "சங்கீதப் புஸ்தகத்துல நூத்தம்பது பாட்டு இருக்கு, அதுல ஒண்ணு பாடுலே" என்று சத்தம் போடுவாரே, அதுதான். தாம்பரத்தில் நான் பி.காம். இரண்டாம் வருஷம் படித்தபோது, ஒரு மழைநாள் சாயங்காலம் கல்லூரி விழாவில் 'ஆறுகம்பி' என்று பெயர் வைத்துக்கொண்டு நாலு பையன்கள் மேடையேறினார்கள். இரண்டு கிட்டார், ஒரு பறை, ஒரு மவுத் ஆர்கன். பாடத் தொடங்கியதும் கரண்ட் போய்விட்டது. அவர்கள் நிறுத்தவில்லை. மைக் இல்லாமல், விளக்கு இல்லாமல், கூரைத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்துக்கு மேலே பாடினார்கள். கீர்த்தனையும் சினிமாப் பாட்டும் மட்டும் கேட்டு வளர்ந்த எனக்கு, கிட்டாரும் பறையும் ஒன்றோடொன்று பேசுகிற அப்படி ஒரு பாட்டு அதுவரை தெரியாது. அந்தப் பையன்கள் படிப்பு முடிந்து எங்கெங்கோ வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனால் போவதற்கு முன் மறுவருஷ விழாவில் அவர்கள் பாடியதை என் வகுப்புத் தோழன் ஹாஜா மைதீன் ஒரு கேசட்டில் பிடித்துக் கொடுத்தான். மேற்குத் தாம்பரத்தில் அவனுடைய வாப்பா கேசட் கடை வைத்திருந்தார். அதை நான் ஓட்டி ஓட்டி டேப் இழுத்துப்போய், இரண்டாவது சரணம் வரும்போது பாடுகிறவன் கிணற்றுக்குள் இருந்து பாடுவது போலக் கேட்கும். அக்கா, எல்லா வினையும் அந்தக் கிணற்றில்தான் இருந்தது.

அந்தச் சரணத்தில் எனக்குக் கேட்ட வரி இது: "மாமியார் போனபின்னே மழை வந்து சேர்ந்ததடி." அந்தக் காலத்திலேயே மருமகள்களின் கஷ்டத்தை உணர்ந்து இப்படி ஒரு வரி எழுதியிருக்கிறான் பார், எவ்வளவு முற்போக்கான பையன் என்று நான் வியக்காத நாளில்லை. மறைமலை நகர் பாக்டரியில் வேலை பார்த்த காலமெல்லாம் கம்பெனி பஸ்ஸில் இதை முணுமுணுத்தபடிதான் போனேன். குளிக்கும்போது இது. வண்டி துடைக்கும்போது இது. ஹெப்சியின் அம்மா எங்களோடு எட்டு வருஷம் இருந்தார்களே, அப்போதும் தினமும் காலையில் இதுதான். "மருமவனுக்கு எம்மேல என்ன மனவருத்தம், நான் போணும்னே பாடுதாவளே" என்று அந்த மகராசி ஹெப்சியிடம் கேட்டிருக்கிறார்கள். ஹெப்சியும் நான் வேண்டுமென்றே பாடுவதாக நினைத்து, கேட்டால் சண்டையாகும் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். இதை அவள் எனக்குச் சொன்னதே இந்த ஞாயிற்றுக்கிழமைதான். அதற்குப் பிறகு என் மாமியாரின் படம் மாட்டியிருக்கிற அறைக்குள் நான் போகவில்லை.

சனிக்கிழமை நடந்ததுக்கு வருகிறேன். கேம்ப் ரோடு பக்கத்தில் ஹால். நல்ல கூட்டம். குன்றத்தூரிலிருந்து சம்பந்தி காலேப் சாரும் அவர் சம்சாரம் ஞானதனம் அம்மாவும் உறவுக்காரர்களோடு ஒரு வேன் நிறைய வந்தார்கள். காலேப் சார் ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர் என்று நீதான் சொன்னாய். அவர் உட்கார்ந்தாலே பக்கத்து நாற்காலிக்காரர்கள் காலை மடக்கிக்கொள்கிறார்கள். போதகர் ஜெபம் பண்ணும்போது, போன மார்ச்சில் கர்த்தருக்குள் நித்திரையடைந்த காலேப் சாரின் தாயாரை நினைத்து ஒரு வார்த்தை சொன்னார். காலேப் சார் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் பார்த்தேன் அக்கா. பார்த்துவிட்டுத்தான் பிறகு அந்தக் காரியத்தைச் செய்தேன் என்பதுதான் என்னைத் தின்கிறது.

சுஜியும் காலேப் சார் மகன் எபியும் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் காலேப் சார் எழுந்து கல்யாணத் தேதியை அறிவிப்பதாக ஏற்பாடு. அதற்கு நடுவில் எபி மைக்கை வாங்கி, "எங்க மாமாவுக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்றான். நாவலூரில் அவனோடு வேலை பார்க்கிற பையன்கள் கிட்டாரோடு மேடைக்கு வந்தார்கள். அந்தப் பழைய பாட்டை இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாரோ புதிதாகப் பாடி, அது எல்லார் போனிலும் ஓடுகிறதாம். எனக்குத் தெரியாது. சுஜி சொல்லி எபி எனக்காக ஏற்பாடு செய்திருக்கிறான், தங்கமான பையன். முதல் கிட்டார் இழுப்பு கேட்டதும் என் கால் தரையில் இல்லை. நான் எப்போது எழுந்தேன், எப்போது படியேறினேன், யார் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன், ஒன்றும் ஞாபகமில்லை. எனக்குப் பத்தொன்பது வயசு அக்கா அப்போது. அங்கே சம்பந்தி யாரு, போதகர் யாரு, ஒண்ணும் தெரியல. முதல் சரணம் பிசகில்லாமல் போனது. கை தட்டினார்கள். தொப்பையோடு ஒரு சுற்றுச் சுற்றி ஆடியதாகவும் சொல்கிறார்கள். வீடியோ இருக்கிறது. நான் பார்க்க மாட்டேன்.

இரண்டாவது சரணம் வந்தது. கூட்டத்திலிருந்த இளசுகள் எல்லாம் சேர்ந்து பாடின. அவர்கள் பாடியது வேறு மாதிரி என் காதில் விழுந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? சும்மா இருந்திருக்க வேண்டும். நான் கையைக் காட்டிக் கிட்டாரை நிறுத்தச் சொல்லி, மைக்கில், "தம்பிகளா, பாட்டத் தப்பா பாடக் கூடாது. நான் இத நேர்ல கேட்டவன். கவனிங்க" என்று சொல்லி, கண்ணை மூடி, கையை முன்னால் நீட்டி, ராகம் இழுத்து அந்த மாமியார் வரியைப் பாடினேன். நீட்டிய கைக்கு நேரே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது ஞானதனம் அம்மா. அதோடு விட்டேனா? "எல்லாரும் சேர்ந்து" என்றேன். விவரம் தெரியாத நம் பக்கத்துப் பெரியம்மா, சித்தி எல்லாரும் ஜெபக்கூட்டத்தில் பாடுகிற மாதிரி பக்தியாகச் சேர்ந்து பாடினார்கள்.

கண்ணைத் திறந்தேன். ஞானதனம் அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஐயோ, அழ வைத்துவிட்டோமே என்று நான் மேடையை விட்டு இறங்குவதற்குள் முந்தானை நழுவியது. அவர்கள் அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்கள். விக்கி, இருமி, கண்ணில் தண்ணீர் கொட்ட, நிறுத்த முடியாமல் சிரித்தார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், அது புரையேறியது. காலேப் சார் எழுந்து நின்றார். சம்சாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஞானம், எந்திரி. போலாம்" என்றார். அவ்வளவுதான். வேன் கிளம்பிவிட்டது. தேதி அறிவிக்கப்படவில்லை. பிரியாணி அண்டா திறக்கப்படாமல் இருந்தது. வேனில் ஏறுவதற்கு முன்னால் எபி மட்டும் என்னிடம் ஓடிவந்து காதோடு சொன்னான்.

"மாமா, அது மாமியார் இல்ல. மாமரம்."

"என்னது?"

"மாமரம் பூத்தபின்னே. மாமரம், மாமா."

நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தேன். சுஜி என் எதிரே வந்து நின்று, "அப்பா, உங்களுக்கு அது ஒரு பாட்டு. எனக்கு இது வாழ்க்கை" என்றாள். அதற்குப் பிறகு இந்த நிமிஷம் வரை அவள் என்னோடு பேசவில்லை. காபி மட்டும் மேஜையில் வைக்கிறாள். வைக்கிற சத்தம் பலமாக இருக்கிறது.

திங்கட்கிழமை ஹாஜாவிடம் போனேன். கேசட் கடை இப்போது செல்போன் கவர் விற்கிற கடை. அவன் அந்தப் பாட்டைப் போனில் போட்டுக் காட்டினான். மாமரம்தான். "இன்னாடா, உனக்கு நெசமாவே தெரியாதா? எனக்கு அப்பவே தெரியுமே" என்றான். "தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானேடா பாவி" என்றேன். "காலேஜ்ல சும்மா தமாசுக்குப் பாடறேன்னு நெனச்சேன். அப்புறம் உங்க மாமியார் வூட்டோட வந்துட்டாங்க. சரி, கடுப்புல பாடிகினு கீறான், குடும்ப விசயம், நம்ம எதுக்கு நடுவுல பூந்து பேஜார் பண்ணணும்னு வுட்டுட்டேன்" என்றான். அவனைச் சொல்லி என்ன?

நேற்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று துணிந்து பல்லாவரத்தில் பஸ் மாறிக் குன்றத்தூர் போனேன். ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டேன். அவர்கள் வீட்டுக் கேட்டில் கை வைத்தபோது உள்ளேயிருந்து ஞானதனம் அம்மாவின் குரல் கேட்டது. உரக்க, கோபமாக, மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். காலேப் சாரின் குரலே இல்லை. என்னால் ஒரு குடும்பம் சண்டை போடுகிறது என்று நினைத்துக் கேட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஆப்பிளோடு அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

அக்கா, சிறு வயதில் நான் பண்ணின தப்புக்கெல்லாம் நீதான் அப்பாவிடம் போய் நின்றாய். இந்த ஒரு முறையும் எனக்காக நில். காலேப் சாருக்கு நீ போன் போட்டு, என் தம்பி மடையன்தான், கெட்டவன் இல்லை என்று சொல். கல்யாணத்தில் நான் கடைசி வரிசையில் உட்காருகிறேன், தேவைப்பட்டால் வராமலே இருந்துவிடுகிறேன் என்றும் சொல். இனி ஆராதனையில்கூட வாயைத் திறக்க மாட்டேன், மனசுக்குள்ளேயே பாடிக்கொள்கிறேன். பிள்ளைக்கு என்னால் இப்படி ஆகிவிட்டதே என்று நினைக்கும்போது சோறு இறங்கவில்லை.

அத்தானுக்கு என் ஸ்தோத்திரம் சொல். இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம், அவர் சிரிப்பார். உன் காலுக்கும் என் புத்திக்கும் சேர்த்துச் சுகம் தர ஆண்டவரை வேண்டுகிறேன்.

உன் அன்புத் தம்பி,
ஜெபராஜ்.

பின்குறிப்பு: நீ காலேப் சாருக்குப் போன் போட வேண்டாம். கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஸ்கூட்டர் சத்தம். அவரேதான், தனியாக. நான் எழுந்து நின்றேன். அவர் உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். பிறகு, "உங்க மேல கோவம் இல்ல சார்" என்றார். "முப்பத்தோரு வருசத்துல ஞானம் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. வீட்டுக்குப் போயி ஏன் சிரிச்சேன்னு கேட்டேன். சொல்ல ஆரம்பிச்சா. நாலு நாளா சொல்லிக்கிட்டிருக்கா. இன்னும் முடியல." கர்ச்சீப்பை எடுத்தார், துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "எங்கம்மா நல்லவங்க சார். எனக்கு நல்லவங்க. இவளுக்கு எப்படி இருந்தாங்கன்னு நான் ஒரு நாளும் கேக்கலியே." இன்னொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். கல்யாணம் ஜனவரி இரண்டாவது வியாழன், அக்கா. சுஜி அடுப்படியிலிருந்து ஓடிவந்து என்னைத்தான் முதலில் கட்டிக்கொண்டாள். கிளம்பும்போது அவர், "கல்யாணத்துல நீங்க பாடணும்னு ஞானம் சொல்லச் சொன்னா" என்றார். சரியான வரியைக் கற்றுக்கொண்டு பாடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இப்போது நாலு தரம் போட்டுக் கேட்டுவிட்டேன். மாமரம் பூத்த நேரத்தில் மழை வந்தால் பூவெல்லாம் கொட்டிப் போகாதா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் அக்கா, என் வரிதான் நல்ல வரி.