பெஞ்சில் மூன்று தட்டல்

"ஒன்பது பேர் இருக்கோம். நீ வந்தா பத்து. உள்ள வா" என்று எல்கானாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார் ஓவாதியா.

ஜெருசலேமில் காலை ஆறு மணி. சந்துக்குள் ஒரு சின்ன ஜெபக்கூடம். ஈரானின் ஊர்மியா நகரத்திலிருந்து வந்து குடியேறிய யூதர்களுடையது. ஓவாதியா அதன் காரியதரிசி. வயது எண்பத்திரண்டு, பிடி மட்டும் நாற்பது.

எல்கானா வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போக வந்தவன். பல்கலைக்கழகத்தில் நவீன யூத வரலாறும் பண்பாடும் அவன் படிப்பு. ஊர்மியாக்காரர்களின் ஜெப வழக்கங்கள் அவன் ஆய்வு. பத்து ஆண்கள் சேராமல் கூட்டு ஜெபம் கிடையாது. ஜெபம் இல்லாவிட்டால் ஆய்வும் கிடையாது. போய் உட்கார்ந்தான்.

"கவனிக்கிறவன் கலந்துக்கக் கூடாதுப்பா" என்றார் அவன் ஆய்வுக்கு வழிகாட்டியான பேராசிரியை ஹெல்லர். "ஆராய்ச்சிக்காரன் உட்கார்ந்திருந்தா அவங்க இயல்பா இருப்பாங்களா?"

"நான் ஆராய்ச்சிக்காரன்னு அவங்களுக்குத் தெரியாது."

"அது இன்னும் மோசம். சரி, போ. வாயை மட்டும் திறக்காதே."

மறுநாள் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷிம்ஷோன், கதவை அடைக்கும் உடம்பும் அதற்கேற்ற தாடியும் உள்ளவர், அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொண்டை கட்டிக்கிச்சா?"

"ஆமா."

மூன்றாம் நாள் ஷிம்ஷோன் ஒரு தேன் பாட்டிலோடு வந்தார். அதற்கு மேலும் ஊமையாக இருக்க வழியில்லை. ஆனால் எல்கானா கடைசியாகக் குல்லா வைத்து ஜெபித்தது பதின்மூன்றாம் வயதில். பக்கம் தப்பியது. குனிந்து தேடும்போது, சட்டைக் கைக்குள் ஒளித்திருந்த பென்சில் டக்கென்று தரையில் விழுந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின.

வேறு வழி தெரியாமல், ஏதோ பரம்பரை வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் மூன்று முறை தட்டினான்.

நான்காம் நாள் ஜெபத்தில் அதே இடம் வந்தது. எட்டுப் பேரும் பெஞ்சில் மூன்று முறை தட்டினார்கள்.

முன்னால் நின்று ஜெபத்தை நடத்திய ஓவாதியா மட்டும் தட்டவில்லை. 'நடத்துபவருக்கு விலக்கு உண்டு' என்று எல்கானா குறித்துக்கொண்டான்.

குறிப்பெடுப்பது கழிப்பறையில். ஜெபம் முடிந்ததும் அதன் வாசலில் தினமும் நீண்ட வரிசை. 'இவர்களின் உணவுப் பழக்கம் ஆராயத்தக்கது' என்று அதையும் எழுதினான்.

"மூணு தட்டா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் ஹெல்லர். "வேற எங்கயும் கேள்விப்பட்டதில்லையே. இதையே ஆய்வுக்கு மையமா வை. எங்க ஆரம்பிச்சதுன்னு விசாரி."

'என் பென்சிலில்' என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தான் குருட்டாம்போக்கில் சரியான இடத்தில் தட்டியிருக்கலாம் என்று நம்பத் தொடங்கினான்.

"நாம ஏன் இப்படித் தட்டுறோம்?" என்று ஷிம்ஷோனிடம் மெதுவாகக் கேட்டான்.

ஷிம்ஷோன் தாடியைச் சொறிந்தார். "எங்க அப்பா தட்டுவாரு. நீ?"

"எங்க அப்பாவும்தான்."

இருவரும் ஒரே நேரத்தில் கழிப்பறைப் பக்கம் நடந்தார்கள். ஷிம்ஷோன் முந்திக்கொண்டார்.

ஜூன் மாதத்துக்குள் நூற்று நாற்பது பக்கம் தேறியது. அதில் எண்பது பக்கம் தட்டல். அப்போதுதான் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. யாரையெல்லாம் கவனித்தானோ அவர்கள் அத்தனை பேரின் எழுத்துபூர்வ சம்மதமும் வியாழக்கிழமைக்குள் வேண்டும். இல்லையென்றால் ஆய்வேடு ஏற்கப்படாது, உதவித்தொகையும் நிற்கும். ஹைஃபாவில் அப்பாவின் டைல்ஸ் கடை அவனுக்காக ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தது.

"உண்மையைச் சொல்லிக் கையெழுத்து வாங்கு" என்றார் ஹெல்லர்.

"அடிப்பாங்க."

"அதையும் குறிச்சுக்கோ."

புதன்கிழமை. எல்லோரும் போகும்வரை காத்திருந்து, ஓவாதியாவின் முன்னால் ஒன்பது படிவங்களை வைத்தான்.

"அய்யா, நான் ஜெபம் பண்ண வரல. நாலு மாசமா உங்களையெல்லாம் வேவு பார்த்துட்டு இருந்தேன். அந்தத் தட்டு கூட நான் ஆரம்பிச்சு வச்சதுதான்." படிவங்களை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினான். "நீங்கதான் மத்த எட்டுப் பேர்கிட்டயும் எடுத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கித் தரணும்."

ஓவாதியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு படிவத்தை எடுத்தார். படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மீதி எட்டையும் அவன் பக்கமே தள்ளினார்.

"இது வேண்டாம்."

"அவங்க ஒத்துக்க மாட்டாங்களா?"

ஓவாதியா விளக்கை அணைத்துவிட்டுச் சாவியை எடுத்தார்.

"திங்கட்கிழமைலேருந்து அந்த எட்டுப் பேரும் தனித்தனியா வந்து என்கிட்ட இதே ஃபாரத்தைத்தான் நீட்டினாங்க, தம்பி. ஊர்மியாக்காரன்னு இங்க மிச்சம் இருக்கிறது நான் ஒருத்தன்தான்."