காலை 11.20: தற்செயலாகச் சந்தித்தல்

"ஆத்துல எறங்கிக் கால் கழுவறதுக்கு நாலு நிமிஷம் பத்தாதுங்க," என்றாள் வசந்தாமணி.

அர்த்தநாரி காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எத்தன காலு? எனக்கு ரெண்டு, உனக்கு ரெண்டு, சௌந்திரத்துக்கு ரெண்டு, உன் தம்பிக்கு ரெண்டு. ஆக எட்டு. காலுக்கு அரை நிமிஷம்னா நாலு நிமிஷம்."

"சேலை கட்டுனவங்க கொசுவத்தத் தூக்கிப் புடிச்சுக்கிட்டுக் கழுவோணும். உங்களுக்கென்ன, வேட்டிய மடிச்சுக் கட்டிக்குவீங்க."

இது நியாயமாகப் பட்டது. நாலு நிமிஷம் ஆறு நிமிஷமாயிற்று. அதனால் அதற்குப் பின்னால் வரிசையாக நின்ற இருபத்து மூன்று நேரங்களும் இரண்டிரண்டு நிமிஷம் நகர்ந்தன. 11.18 என்றிருந்த முக்கியமான நேரம் 11.20 ஆனது. மூன்றாவது திருத்தம் இப்படித்தான் பிறந்தது.

அர்த்தநாரி சூரமங்கலத்தில் ரயில்வே ஹெட் கிளார்க். யார், எந்த வண்டிக்கு, எத்தனை மணிக்கு என்று கட்டம் போட்டுப் பணிப் பட்டியல் எழுதுவது அவர் வேலை. பத்தொன்பது வருஷமாக எழுதுகிறார். ஆட்கள் அந்தப் பட்டியலைப் பார்க்காமல், ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வேலைக்கு வந்து போனார்கள். இதை அவரிடம் சொல்லி மனசை நோகடிக்க யாருக்கும் விருப்பமில்லை.

இப்போது அவர் எழுதிக்கொண்டிருந்தது குடும்பத்தோடு மேட்டூர் அணைப் பூங்காவுக்குப் போய்வரும் நிகழ்ச்சி நிரல். எண்பத்து மூன்றாம் வருஷம், தை மாதம், இரண்டாவது ஞாயிறு. வேடிக்கை பார்க்கப் போவதாகத்தான் அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தார்கள்.

விஷயம் வேறு. மகள் சௌந்திரத்தை ஏற்கெனவே இரண்டு இடத்தார் வந்து பார்த்தாயிற்று. கேசரி, பஜ்ஜி சாப்பிட்டு, "ஊருக்குப் போய்க் காயிதம் போடறோமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் இரண்டு பேருமே காகிதம் போடவில்லை. கேசரி வாசனை குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கப் போய்விடும். மூன்றாவது முறையும் வாசனை வந்து கல்யாணம் வரவில்லை என்றால், அப்புறம் பெண்ணுக்கு என்ன குறை என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். இன்னொரு தடவை தவறக் கூடாது.

தரகர் அங்கமுத்துதான் வழி சொன்னார். "ஊட்டுல வெச்சாத்தானுங்க வம்பு. நீங்க மேட்டூர் பார்க்குக்குப் போங்க. அவங்களும் வருவாங்க. தற்செயலாப் பாத்துக்குங்க. புடிச்சா மேல பேசறது. புடிக்கலீன்னா, அணையப் பாத்தோம், மீனு தின்னோம், ஊடு வந்து சேந்தோம். ரெண்டு பக்கமும் மருவாதி போகாதுங்க."

மாப்பிள்ளை, தம்மம்பட்டித் தங்கசாமியின் ஒரே மகன். கூட்டுறவு பேங்கில் வேலை. தங்கசாமி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இரு வீட்டாரும் இதுவரை நேரில் பார்த்துக்கொண்டதில்லை. பெண்ணின் போட்டோ மட்டும் தம்மம்பட்டிக்குப் போயிருந்தது. மாப்பிள்ளையின் போட்டோவைக் கேட்கும் வழக்கம் இந்தப் பக்கம் இல்லை.

"போனாப் பாத்துக்கறாங்க. அதுக்கு எதுக்கு மச்சான் இத்தன காயிதம்?" என்றான் மயில்சாமி. வசந்தாமணியின் தம்பி. நாமக்கல்லில் மூன்று லாரி ஓட்டுகிறவன். பம்பாய்க்கு லோடு அனுப்பும்போதுகூட "போயிட்டு வா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாதவன்.

"திட்டம் இல்லாம தற்செயல் எப்படி மாப்பள நடக்கும்?" என்றார் அர்த்தநாரி.

மயில்சாமி காகிதத்தில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்தான்.

"உனக்கு ஒரே ஒரு வேலைதான். பதினொண்ணு இருபதுக்கு மீன் தொட்டிகிட்டத் தற்செயலாச் சந்திக்கறோம். பதினொண்ணு இருபத்தொண்ணு, ஆச்சரியப்படறோம். இருபத்திரெண்டுக்கு நீ, 'அடடே, எங்கெ இந்தப் பக்கம்?'னு கேக்கோணும். எங்கெ, சொல்லிப் பாரு."

"அடடே, எங்கெ இந்தப் பக்கம்?"

"லோடு எறக்கற ஆளக் கேக்கறாப்புல இருக்குது. தெனமும் பத்துத் தடவ சொல்லிப் பழகு."

சௌந்திரம் கதவோரமாக நின்றிருந்தாள். "எனக்கு எத்தன நிமிஷமுங்கப்பா?"

"உனக்கு ரெண்டு நிமிஷம் சாமி. பதினொண்ணு முப்பத்தொண்ணுலருந்து முப்பத்து மூணு வரைக்கும். நிமிந்து பாக்கறது ரெண்டு தடவ."

"மூணு நிமிஷமாக் குடுங்கப்பா. ஆயுசு பூரா இருக்கப் போறேன்."

"எடமில்ல கண்ணு. முப்பத்து மூணுல கடலை சாப்படறோம்."

சௌந்திரம் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். நிரலை டைப் அடிப்பது அவள் பொறுப்பு. தினமும் சாயங்காலம் ஜங்ஷன் பக்கத்து இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் பத்து விரலாலும் தட்டிப் பழகுகிறாள். அங்கேயே இதையும் கார்பன் வைத்து அடித்து, ஒரு பிரதியை அப்பாவிடம் தருவாள். இன்னொன்றை வருகிற வழியில் தம்மம்பட்டிக்குத் தபாலில் சேர்த்துவிடுவாள். ஒவ்வொரு திருத்தத்தின் தலையிலும், 'இதற்கு முந்தைய திருத்தங்கள் யாவும் இதனால் ரத்து' என்ற வரி இருக்க வேண்டும் என்பது அர்த்தநாரியின் உத்தரவு.

தங்கசாமியும் லேசுப்பட்டவர் இல்லை. முப்பது வருஷம் பையன்களின் பரீட்சைத் தாளைத் திருத்தியவர். மூன்றாவது திருத்தம் போய்ச் சேர்ந்த கையோடு கார்டு வந்தது, சிவப்பு மையில். 'ஆச்சரியப்பட ஒரு நிமிடம் போதாது. எங்கள் வீட்டில் வயதானவர் உள்ளார். மேலும், நாம் முன்பின் பார்த்திராத நிலையில், ஒருவரையொருவர் அடையாளம் காண்பது எவ்வாறு?'

"இது கேள்வி," என்றார் அர்த்தநாரி, கொஞ்சம் எரிச்சலோடு. நாலாவது திருத்தத்தில் அடையாளம் சேர்த்தார். மாப்பிள்ளை வீட்டார் கையில் மஞ்சப் பை வைத்திருக்க வேண்டும்.

"மேட்டூருல ஞாயித்துக்கெழம மஞ்சப் பை இல்லாத ஆளக் காட்டுங்க பாக்கலாம்," என்றாள் வசந்தாமணி. "ஆயரம் பேரு கோழி கொண்டுக்கிட்டு முனியப்பனுக்கு வருவாங்க. அத்தன பேரும் நமக்குச் சம்பந்திங்களா?"

ஐந்தாவது திருத்தத்தில் மஞ்சப் பை பச்சைக் குடையாயிற்று. தையில் குடை எதற்கு என்று சிவப்பு மை கேட்டது. வெயிலுக்கு என்று கறுப்பு மை பதில் எழுதியது.

ஆறாவது திருத்தம் தரகரால் வந்தது. கூட வந்து அடையாளம் காட்டித் தருகிறேன் என்றார் அங்கமுத்து.

"நீங்க வந்தா எப்படிங்க? ஜில்லா பூரா உங்களத் தரகர்னு தெரியும். நடுவால நீங்க நின்னா, அதத் தற்செயல்னு எவன் நம்புவான்?"

அங்கமுத்து நீக்கப்பட்டார். திங்கட்கிழமை வந்து பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஏழாவதில் கடைசி ஓட்டையும் அடைபட்டது. ஒருவேளை பேச்சு வாக்கில் யாராவது பெயரையோ ஊரையோ கேட்டுத் தொலைத்தால்? 'பெயர், ஊர், குலம், கூட்டம், உத்தியோகம் எதுவும் கேட்கக் கூடாது. இவை யாவும் ஏற்கெனவே விசாரிக்கப்பட்டுவிட்டன. பழக்கமானவர்கள் இவற்றைக் கேட்டுக்கொள்வதில்லை.' அதற்குக் கீழே பெரிய எழுத்தில், 'இதற்கு மேல் திருத்தம் இல்லை.'

இதற்குத் தம்மம்பட்டியிலிருந்து கார்டு வரவில்லை.

"அடங்கிட்டாரு," என்றார் அர்த்தநாரி. அந்த வாரம் முழுக்க அவர் நடையில் ஒரு மிடுக்கு இருந்தது. இத்தனை நாளில், தன் பட்டியலைக் குறை சொல்லாமல் ஏற்றுக்கொண்ட முதல் மனிதர் தங்கசாமிதான் என்று வசந்தாமணியிடம் இரண்டு முறை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏமாற்றவில்லை. கால் கழுவுதல் ஆறு நிமிஷத்துக்குள் முடிந்தது. மிச்சமான பதினைந்து விநாடியை அர்த்தநாரி சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொண்டார். மயில்சாமி நாமக்கல்லிலிருந்து நேராக வந்து, கால் கழுவுகிறதற்கு முன்னாலேயே சேர்ந்துகொண்டிருந்தான்.

சிக்கல் என்னவென்றால், எல்லாம் சரியாக நடந்து, தாமதத்துக்கென்று ஒதுக்கிய நேரமும் மிச்சமானதால் மீன் தொட்டிக்குச் சீக்கிரமாகவே வந்துவிட்டார்கள்.

"அதா நிக்கறாங்க பாருங்க மச்சான், பச்சக் கொடை," என்றான் மயில்சாமி. தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர், ஒரு அம்மாள், வெள்ளைச் சட்டை போட்ட பையன். "போய்ப் பேசிரலாமா?"

"மணி என்ன?"

"பதினொண்ணு எட்டு."

"அப்ப நாம அவங்கள இன்னும் பாக்கல."

அவர்களைக் காகிதப்பூச் செடிக்குப் பின்னால் ஒதுக்கி நிறுத்தினார். அந்தப் பெரியவரும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தன் குடும்பத்தை மான் கூண்டுக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போனார். அர்த்தநாரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பன்னிரண்டு நிமிஷம் இரண்டு குடும்பங்களும் ஒன்றையொன்று பார்க்காமல் பார்த்துக்கொண்டு நின்றன. நடுவில் கடலைக்காரன் ஒருவன் மட்டும், ரெண்டு பக்கமும் போய் வந்து வியாபாரம் பண்ணினான்.

11.20க்கு எல்லோரும் நடந்தார்கள். 11.21க்கு அர்த்தநாரி புருவத்தைத் தூக்கினார். 11.22க்கு மயில்சாமி தொண்டையைச் செருமினான். அவன் வாயைத் திறக்கிறதுக்குள், அந்தப் பெரியவரே, "அடடே, எங்கெ இந்தப் பக்கம்?" என்றார். நிஜமாகவே பத்து வருஷம் பழகினவர் மாதிரி இருந்தது.

"சும்மா, அணையப் பாத்துட்டுப் போலாம்னுங்க," என்றார் அர்த்தநாரி.

"நாங்களும் அதுக்குத்தானுங்க," என்ற பெரியவர், குரலைத் தாழ்த்தினார். "உங்க காயிதத்த நாலு தடவ படிச்சேனுங்க. ஒரே காயிதத்துல எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெச்சுட்டீங்க. ஒரு திருத்தம் சொல்ல எடமில்லைங்க."

ஆறு காகிதத்துக்குச் சிவப்பு மையில் சண்டை போட்டவர், நேரில் அதையெல்லாம் மறந்து ஒரே காகிதம் என்கிறார். பெரிய மனுஷத்தனம் என்றால் இதுதான் என்று அர்த்தநாரி நினைத்துக்கொண்டார். தலைமையாசிரியர் என்ற பந்தா துளியும் இல்லை. தோட்டங்காட்டுச் சம்சாரி மாதிரி பேசுகிறார்.

11.31க்குச் சௌந்திரம் நிமிர்ந்து பார்த்தாள். பையனும் பார்த்தான். அவன் விரல்கள் பத்தும் குடைப்பிடியில் சும்மா இருக்காமல் தட்டிக்கொண்டே இருந்தன. சௌந்திரம் அந்த விரல்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"பையன் சுறுசுறுப்பு," என்றார் அர்த்தநாரி, மனைவியின் காதில். "கையச் சும்மா வெக்க மாட்டீங்கறான்."

"அவ மூணாவது தடவயும் நிமுந்துட்டாளுங்க," என்றாள் வசந்தாமணி.

"பரவால்ல, உடு," என்றார் அர்த்தநாரி. கல்யாணமான இருபத்து நாலு வருஷத்தில் அவர் அட்டவணைக்கு வெளியே ஒன்றை அனுமதிப்பதை வசந்தாமணி பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் எல்லாமே வழுக்கிக்கொண்டு போயிற்று. கடலை, எமகண்டம் முடிகிற வரைக்கும் மர நிழல், மீன் குழம்போடு சாப்பாடு. அந்த அம்மாள் தன் கையால் சௌந்திரத்துக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்தாள். வசந்தாமணிக்கு அதிலேயே மனசு இளகிவிட்டது. 2.10க்கு, 'மனதுக்குப் பிடித்திருந்தால் மட்டும்' என்று நிரலில் குறித்திருந்தபடி, முனியப்பன் முன்னால் இரண்டு பக்கமும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். முனியப்பன் முன்னால் கொடுத்த வார்த்தையை இந்தப் பக்கத்தில் எவனும் மாற்ற மாட்டான். மயில்சாமி சாட்சி.

"எதுக்கு இத்தன காயிதம்னு கேட்டியே மாப்பள," என்றார் அர்த்தநாரி பஸ் ஏறும்போது. "இப்பப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க மச்சான்," என்றான் மயில்சாமி. நிஜமாகவே மனம் மாறிப்போயிருந்தான்.

மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம் தரகர் அங்கமுத்து வந்தார். அர்த்தநாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். சௌந்திரம் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் நிற்காமல் நேராகச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

"இனிமே நீங்க யாருக்குப் பாத்தாலும், கையோட ஒரு நிகழ்ச்சி நிரல் போட்டுக்குங்க," என்றார் அர்த்தநாரி. "நிமிஷம் பெசகாம முடிஞ்சுதுங்க. பையன் தங்கம். அவங்கப்பா அதுக்கு மேல. முனியப்பன் கோயல்ல வெத்தலை பாக்கே மாத்திட்டோம். வைகாசியில முகூர்த்தம்."

அங்கமுத்து டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர், குடிக்காமல் திரும்பக் கீழே வைத்தார்.

"யாருகிட்டங்க மாத்துனீங்க? நான் இப்பத் தம்மம்பட்டியிலருந்துதானுங்க வாரேன். தங்கசாமி ஐயா நேத்துப் பூரா ஊட்டுலதானுங்க இருந்தாரு... சந்திப்பு அடுத்த ஞாயித்துக்கெழமைக்குத் தள்ளி வெச்சிருக்குதுன்னு, உங்க எட்டாவது திருத்தம் புதங்கெழமையே வந்துருச்சாமுங்களே."