கட்டிலோரம் கடல் அட்டைச் சாறு

வயது அறுபத்தெட்டு, ஒருநாள்கூட மருத்துவமனையில் படுத்ததில்லை. ஆனால் லங்காவித் தீவில் அவர் போய் நிற்காத நோயாளிக் கட்டிலும் இல்லை. கடல் அட்டைச் சாறு புகட்டும் இனம் என்று ஒன்று உண்டு. எங்கள் மஸ்லான், ஊருக்கெல்லாம் 'பாக் லோங்', அதாவது பெரியப்பா, அந்த இனத்தின் முதல்வர்.

யாராவது தும்மினால், அந்தத் தும்மல் முடிவதற்குள், செருப்பை மாட்டி, மோட்டார் சைக்கிளை உதைத்து, கமாட், அதாவது கடல் அட்டை, சாற்றுப் பாட்டிலைச் சட்டைக்குள் செருகி, வழியில் நாலு பேருக்கு நோயின் பெயரையும் சொல்லிவிட்டு வந்து நிற்பார். "கமாட்டை ரெண்டா வெட்டிப் போடு, ரெண்டுமே பொழைக்கும். அந்தத் தெம்பு உன் உடம்புல ஏறினா நோய் கிட்ட வருமா?" குணமானால் சாறு செய்த வேலை. ஆகாவிட்டால்? நோயாளிக்கு நம்பிக்கை போதாது. அவருக்கே சளி பிடித்தால், உள்ளிருக்கும் கெட்டதைச் சாறு வெளியே தள்ளுகிறது. தோற்கவே தெரியாத மருந்தை வேறெங்கே கண்டீர்கள்?

போன புதன்கிழமை பக்கத்து வீட்டு ஸகியாவுக்குப் பித்தப்பைக் கல் அறுவை. வலியில் சுருண்டு சுருண்டு, மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த நாள். தலைமாட்டில் 'உண்ணவோ பருகவோ கூடாது' என்று பலகை. பாக் லோங் அதை உரக்கவே படித்தார்.

"சோறா குடுக்கறேன்? தண்ணியா குடுக்கறேன்? இது கமாட்டும்மா. வாயைத் தொற."

சற்று நேரத்தில் தாதி வந்தாள். "அக்கா, ஏதாச்சும் சாப்பிட்டீங்களா, குடிச்சீங்களா?"

"ஒண்ணுமே இல்லம்மா." பொய்யில்லை. எங்கள் தீவில் அதை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை.

"அப்புறம் என்னக்கா வாயில மீன் சந்தை வாடை?"

பாக் லோங் பெருமையோடு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "நான்தான் குடுத்தேன். உனக்கும் ஒரு கரண்டி ஊத்தட்டுமா?"

அறுவை நின்றது. மருத்துவர் இனி அடுத்த வாரந்தான் அக்கரையிலிருந்து படகேறி வருவார்.

"இன்னும் ஒரு வாரம் இந்த வலிய யாரு தாங்கறது, பாக் லோங்? நீங்களா?" என்றாள் ஸகியா.

"அதுக்குள்ள கல்லே கரைஞ்சிடும், பாரேன்."

சிரிக்கிறீர்கள். கடைசியாக நீங்கள் நோயாளி பார்க்கப் போனபோது உங்கள் பையில் இருந்தது என்ன? ஆரஞ்சு மட்டுந்தானா? மைத்துனர் சொன்ன அந்தப் பொடி?

வரும் புதன் காலை ஸகியாவுக்கு அறுவை. வார்டு வாசலில் அவள் கணவன் காவல் இருப்பான். விடியும்போதே வந்துவிடுவதாகப் பாக் லோங் சொல்லியனுப்பியிருக்கிறார்.